பிள்ளைகளுக்குப் புன்னகையின் அறிவியல்: ஒரு கண்ணாடி, ஒரு பழைய பனியன், ஆறு பாட்டில்கள்

“நாம ஏன் சிரிக்கிறோம்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “சந்தோஷம் வந்தா சிரிப்போம்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வோம். “அப்போ நேத்து டீச்சர் திட்டினப்ப எனக்கு ஏன் சிரிப்பு வந்துச்சு?” சந்தோஷம் என்ற ஒற்றைப் பதில் அங்கே கைகொடுக்காது.

இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிது. சிரிக்கும்போது முகத்தில் எது எதை இழுக்கிறது என்பது ஒன்று. அந்த முகம் யாருக்காக அப்படி மாறுகிறது என்பது மற்றொன்று. பெரும்பாலான விளக்கங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போடும்; நேரத்தை அதற்கு மிச்சம் வையுங்கள்.

கீழே உள்ளவை 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானவை. நான்கு பேர் இருந்தாலும் நடக்கும், பதினாறு பேர் இருந்தாலும் நடக்கும். 45 நிமிடம் வீதம் இரண்டு அமர்வு போதும். ஆளுக்கொரு கைக்கண்ணாடி வேண்டும். முகம் முழுதும் தெரிய வேண்டும் என்பதால் பவுடர் டப்பாக் கண்ணாடி ஆகாது. ஆளுக்கொரு புது ஐஸ் குச்சி, ஒரு பழைய பருத்தி பனியன், கனமான அட்டை, ஊசி நூல், ஸ்டேப்ளர், மார்க்கர் பேனா, ஸ்லோமோஷன் எடுக்கும் கைபேசி ஒன்று, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு, டென்னிஸ் பந்து ஒன்று. இவ்வளவுதான்.

தொடங்குமுன் ஒரு விஷயம். குழுவில் முகவாதம் வந்த பிள்ளையோ, உதட்டுப் பிளவுக்கு அறுவை செய்துகொண்ட பிள்ளையோ இருந்தால், முதல் நாளே தனியாகக் கேட்டுவிடுங்கள். பிறவியிலேயே முகத்தசைகள் அசையாத மோபியஸ் நோய்க்குறி என்று ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி வரும். அது குரலிலும் கையசைவிலும் வெளிப்படும். வீடியோ எடுக்கும் வேலை, எண்ணிக்கை குறிக்கும் வேலை என்று எதையாவது அவர்களே விரும்பிக் கேட்டால் கொடுங்கள். நீங்களாக ஒதுக்கி வைக்காதீர்கள்.

கன்னத்தில் கை வைத்துப் பார்ப்பது

கண்ணாடி முன் உட்காரவைத்து, ஆட்காட்டி விரலைக் கன்ன எலும்பின் மேட்டிலும் கட்டைவிரலை அதே பக்கத்து வாயோரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். முதலில் “ஊ” சொல்லட்டும். பிறகு “ஈ”. “ஈ” சொல்லும்போது இரண்டு விரலும் நெருங்கிவரும், ஆட்காட்டி விரலுக்கு அடியில் ஏதோ திரண்டு எழும். அதுதான் வாயோரத்தை மேலே இழுக்கும் தசை. உடற்கூறியலில் அதற்கு ஸைகோமேட்டிக்கஸ் மேஜர் என்று பெயர். பிள்ளைகளிடம் “இழுப்புத் தசை” என்று சொன்னால் போதும். நீளப் பெயரை ஒருமுறை சொல்லுங்கள், நாக்கு சுளுக்குகிறது என்று அவர்களே நாள் முழுக்கச் சொல்லித் திரிவார்கள்.

“ஈன்னு இளிக்காதே” என்று பெரியவர்கள் திட்டுவதில் உடற்கூறு சரியாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுப்பவர் “சீஸ்” சொல்லச் சொல்வதும் இதே “ஈ”க்காகத்தான். ஆனால் “ஈ” உதட்டை மேலே தூக்குவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் இழுக்கும். அதனால்தான் குரூப் போட்டோவில் பாதிப் பேர் பல்வலிக்காரர் போல நிற்கிறார்கள்.

அடுத்து, கண். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பையைக் காட்டினால் சட்டென்று புரியும்: கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், துணி மடிப்பு மடிப்பாகக் கூடும். இந்த வளையத் தசை இறுகும்போது கன்னம் மேலேறும், கண் சிறுக்கும், கண்ணோரத்தில் கோடுகள் விழும். சின்னப் பிள்ளைகளின் தோலில் கோடு தெரியாது. “எனக்கு வரலையே” என்று ஒருவர் முகம் வாடுவார். உங்கள் முகத்தைக் காட்டுங்கள். வயது ஏறிய முகம்தான் இங்கே நல்ல பாடப்புத்தகம்.

முகத்தசைக்கு மற்ற தசைகளிடம் இல்லாத ஒரு தனித்தன்மை இருக்கிறது. கையை மடக்கும் தசை ஒரு எலும்பில் தொடங்கி இன்னொரு எலும்பில் முடிகிறது. முகத்திலோ பல தசைகளின் ஒரு முனை எலும்பில், மறுமுனை தோலிலேயே. தசை சுருங்கினால் தோல் நகரும். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல்.

பனியன் முகம்

அட்டையை 20-க்கு 25 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். பனியன் துணியை 22-க்கு 27 செ.மீ. வெட்டுங்கள். துணியில் கண், மூக்கு வரைந்து, வாய்க்கு 8 செ.மீ. நீளத்தில் நேர்கோடு போடுங்கள். கோட்டின் இரண்டு முனையிலும் 30 செ.மீ. நூலைத் துணியின் பின்பக்கமாக முடிச்சிட்டுத் தையுங்கள். துணியை அட்டைமேல் விரித்து, ஒவ்வொரு வாயோரத்திலிருந்தும் 6 செ.மீ. மேலே, 3 செ.மீ. வெளிப்பக்கம் தள்ளி அட்டையில் ஒரு துளை. நூல் துணிக்கும் அட்டைக்கும் நடுவே ஓடி, அந்தத் துளை வழியாகப் பின்னால் வர வேண்டும். பிறகு துணியின் ஓரங்களை 5 செ.மீ.க்கு ஒன்றாக ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள், சற்றே தொளதொளவென்று.

பின்னாலிருந்து இரண்டு நூலையும் மெதுவாக இழுத்தால் வாயோரம் எழும்பும், கன்னத்தில் துணி மடியும். மூக்கோரத்திலிருந்து வாய் நோக்கி இறங்கும் மடிப்பு மனித முகத்திலும் இப்படித்தான் விழுகிறது. ஒரு நூலை மட்டும் இழுத்தால் ஏளனச் சிரிப்பு. பிள்ளைகள் இதைத்தான் அதிக நேரம் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

செய்யும்போது மூன்று இடத்தில் தவறும். துணியை இறுக்கி அடித்திருந்தால் நூல் அறுந்தாலும் வாய் அசையாது. ஸ்டேப்பிளைப் பிரித்துத் தளர்த்துங்கள். துளை வாயோரத்துக்கு நேர் மேலே இருந்தால் வாய் அகலாமல் செங்குத்தாக ஏறி, அழுகிற முகமும் இல்லாமல் சிரிக்கிற முகமும் இல்லாமல் நிற்கும். மேலும் வெளியிலும் சாய்வாக இழுப்பதுதான் புன்னகையின் சூட்சுமம். துணி இல்லையே என்று காகிதத்தில் செய்தால் முதல் இழுப்பிலேயே கிழியும். அதுவும் ஒரு பாடம்தான்: தோல் நீளும், காகிதம் நீளாது.

நூலை இழுக்கும் கை எது என்று அடுத்துக் கேட்பார்கள். ஏழாவது மூளை நரம்பு, அதாவது முகநரம்பு. பக்கத்துக்கு ஒன்று. வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை வலது காதின் மேல் பதித்து, விரல்களை முன்னோக்கி விரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நெற்றியோரம், ஆட்காட்டி விரல் கன்ன எலும்பு, நடுவிரல் மேலுதட்டுப் பக்கம், மோதிர விரல் தாடை, சுண்டுவிரல் கழுத்து. முகநரம்பும் காதருகே வெளிவந்து ஏறக்குறைய இதே போல ஐந்து கிளையாகப் பிரிகிறது. மருத்துவ மாணவர்களும் இப்படிக் கை வைத்துத்தான் நினைவில் கொள்கிறார்கள்.

ஒரே முகத்துக்கு இரண்டு பாதை

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் துஷேன் 1862-இல் முகத்தசைகளைப் பற்றிய தன் ஆய்வைப் புகைப்படங்களோடு வெளியிட்டார். முகத்தில் உணர்ச்சி மரத்துப்போன ஒரு முதியவரின் தசைகளை மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொன்றாகச் சுருங்கவைத்துப் படமெடுத்தார். இழுப்புத் தசையை மட்டும் தூண்டியபோது வாய் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. அதே முதியவரிடம் வேடிக்கையாக ஏதோ சொன்னபோது கண்ணும் சேர்ந்து சிரித்தது. வாயோரத் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண் தசை அப்படிக் கேட்காது என்பது அவர் முடிவு. பத்து ஆண்டு கழித்து டார்வின் தம் நூலில் இந்தப் படங்களைப் பயன்படுத்தினார். வாயும் கண்ணும் சேர்ந்த சிரிப்பை “துஷேன் புன்னகை” என்று பிற்காலத்தில் அழைத்தவர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன்.

இந்தக் கதையைச் சொன்னதும் யாராவது ஒருவர் பேட்டரியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாமா என்பார். கூடாது. கண்ணுக்குப் பக்கம் மின்சாரம் என்ற பேச்சே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு மருத்துவமனைகளில் பார்க்கும் ஒரு காட்சியே சான்று. பக்கவாதம் வந்த சிலரிடம் “சிரிங்க” என்றால் வாயின் ஒரு பக்கம் மட்டும் போகும். அதே ஆளுக்குப் பேரன் ஏதாவது கோமாளித்தனம் செய்து காட்டினால் இரண்டு பக்கமும் சரியாகச் சிரிக்கும். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு இதன் தலைகீழ்: சொன்னால் சிரிக்க முடியும், தானாக வரும் சிரிப்பு முகத்தில் எழாது. ஆக, வேண்டுமென்று சிரிக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பாதையில் வருகிறது. தானாக வரும் சிரிப்பு உள்ளே ஆழத்திலிருந்து வேறொரு பாதையில் வருகிறது. இரண்டும் மூளைத்தண்டில் முகநரம்பு தொடங்கும் இடத்தில் சேர்கின்றன. ஒரே பேருந்து நிலையம், வரும் ஊர்தான் வேறு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் போதும்.

ஸ்லோமோஷனில் பிடிப்பது

கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் கண் மட்டத்தில், முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வினாடிக்கு 240 படம் எடுக்கும் அமைப்பு இருந்தால் ஒரு வினாடி எட்டு வினாடியாக விரியும். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட் அடியில் எடுத்தால் படம் மினுமினுக்கும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாததை ஸ்லோமோஷன் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் “சிரி” என்று சொல்லி ஒரு வீடியோ. பிறகு சொல்லாமல் ஒன்று. இரண்டாவதற்குச் சிரிக்கவைக்க வேண்டுமே? கைபேசிக்குப் பின்னால் ஒரு நண்பரை நிறுத்தி, “ஓடுற நரியிலே ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுலே ஒரு பிடி நரைமயிர்” என்று வேகமாக ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். உளறுவது உறுதி. படத்தில் இருக்கும் பிள்ளையே சொல்லக் கூடாது. பேசும் வாய் அசைவில் சிரிப்பின் தொடக்கம் காணாமல் போகும்.

இரண்டையும் ஓட்டிப் பார்க்கும்போது மூன்று இடத்தில் கவனம் வையுங்கள். தொடக்கம்: சொல்லிச் சிரித்தது சட்டென்று குதிக்கும், தானாக வந்தது மெல்லப் பரவும். முடிவு: முன்னது சுவிட்சை அணைத்ததுபோல நிற்கும், பின்னது மெதுவாக வடியும். நீளம்: தானாக வரும் புன்னகை ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவிலிருந்து நான்கு வினாடி வரை நிற்பதுதான் வழக்கம். பத்து வினாடி உறைந்து நிற்கும் புன்னகையைக் கல்யாண மேடையில்தான் பார்க்கலாம், பாவம் அவர்கள்.

பிறகு வாயை ஒரு தாளால் மறைத்துக் கண்ணை மட்டும் பாருங்கள். இங்கே பல கட்டுரைகள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கண் சுருங்கினால் நிஜம், சுருங்காவிட்டால் பொய் என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில்லை. வாயை நன்றாக அகட்டிச் சிரித்தாலே கன்னம் மேலேறி, கண்ணுக்குக் கீழே மடிப்பு விழுந்துவிடும். வேண்டுமென்றே கண்ணைச் சுருக்கிச் சிரிக்கத் தெரிந்தவர்களும் நிறையப் பேர். புருவத்துக்கும் மேலிமைக்கும் நடுவிலுள்ள தோல் இம்மியளவு தாழ்கிறதா என்று பார்ப்பது இன்னும் நுட்பமான அடையாளம். கன்னம் தள்ளுவதால் மட்டும் அது நடக்காது. அதுவும் ஒரு தடயம்தான், தீர்ப்பு ஆகாது.

இதை முதலிலேயே சொல்லிவைக்காவிட்டால், “இவ சிரிப்பு போலி சார்” என்று ஒருவர் முகத்தை மற்றவர் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். தடயம் தேடுவதைப் பெரியவர்களின் முகத்தில் மட்டும் செய்யவிடுங்கள். பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்து ஒப்புக்குச் சிரிப்பதைப் பொய் என்று சொல்லத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது வாயால் சொல்லாத வணக்கம்.

யாருக்காகச் சிரிக்கிறோம்: பாட்டில் விளையாட்டு

1979-இல் அமெரிக்காவில் ராபர்ட் கிராட், ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பந்துருட்டும் பவுலிங் அரங்குக்குப் போனார்கள். பந்தை உருட்டி எல்லாக் கட்டையையும் சாய்த்தவர் எப்போது சிரிக்கிறார் என்று எண்ணினார்கள். கட்டை விழுந்த நொடியில் சிரித்தவர்கள் மிகக் குறைவு. திரும்பி நண்பர்களைப் பார்த்தபோது சிரித்தவர்கள் அதிகம். வெற்றி தந்த மகிழ்ச்சி இரண்டு நொடியிலும் ஒன்றுதான்; பார்க்க ஆள் இருப்பதுதான் வித்தியாசம். தெருவில் நடந்துபோகிறவர்களையும் கவனித்தார்கள். வெயில், மழை என்று வானிலை மாறியபோது சிரிப்பு கொஞ்சம்தான் மாறியது. கூட யாரோடாவது பேசிக்கொண்டு போகிறார்களா என்பதில்தான் பெரிய வேறுபாடு இருந்தது.

இதை மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம். பாட்டில்களில் நான்கு விரல்கடை தண்ணீர் ஊற்றி, முன்வரிசையில் ஒன்று, அடுத்து இரண்டு, அதன்பின் மூன்று என்று நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் காற்றே தள்ளிவிடும். முழுக்க ஊற்றினால் பந்து பட்டும் விழாது. எறியும் கோடு 4 மீட்டர் தள்ளி. கோட்டுக்குப் பின்னால் 2 மீட்டரில் நண்பர்கள் உட்காரட்டும். கைபேசியைப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் ஒதுக்கி, எறிபவர் முகம் தெரியும்படி வையுங்கள். நேர் பின்னால் வைத்தால் மூன்றாவது பந்தில் கண்ணாடி உடையும். எறிபவருக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் கறுத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஐந்து எறிதல். முடிந்தபின் வீடியோவை ஓட்டி, ஒவ்வொரு எறிதலுக்கும் மூன்று குறிப்பு எடுங்கள்: பாட்டில் விழுந்ததா, பாட்டிலைப் பார்த்தபடி இருந்த முதல் இரண்டு வினாடியில் சிரித்தாரா, நண்பர்கள் பக்கம் திரும்பத் தொடங்கியபின் வந்த இரண்டு வினாடியில் சிரித்தாரா. முகம் முழுதாகத் திரும்பிவிட்டால் கைபேசியில் தெரியாது. அதனால் நண்பர்கள் பக்கத்தில் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து அந்த மூன்றாவது குறிப்பை நேரிலேயே எழுதிக்கொள்ளட்டும். “சிரிப்பு” என்றால் வாயோரம் கண்ணுக்குத் தெரியும்படி மேலே போக வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பத்து நிமிடச் சண்டை. குறிப்பெடுக்க இருவரை வைத்து, தனித்தனியே எழுதவைத்து, பிறகு ஒப்பிடுங்கள். இருவரும் ஒத்துப்போகாத எறிதலை விட்டுவிடலாம்.

சிரிப்பைத்தான் எண்ணுகிறோம் என்று எறிபவருக்குத் தெரிந்தால் கணக்கு கெட்டுவிடும். “எத்தனை பாட்டில் விழுதுன்னு பார்க்கிறோம்” என்று சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் உண்மையைச் சொல்லி, வீடியோவைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆய்வாளர்களுக்கும் இதே விதிதான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கூட்டாளிகள் முன்னதாகவே கத்திவிட்டால் எறிபவர் பாட்டில் விழுமுன்னே திரும்பிவிடுவார். “திரும்பிப் பார்த்தபின்தான் கைதட்டணும்” என்று நிபந்தனை போடுங்கள். ஒரு பிள்ளையின் ஐந்து எறிதலை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. எல்லோருடையதையும் கூட்டிய பிறகே பேச்சு.

நேரம் இருந்தால் நண்பர்களை அனுப்பிவிட்டு, அதே பிள்ளையைத் தனியாக ஐந்து முறை எறியவையுங்கள். சிரிப்பு எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள்.

யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளாமலே இது வருகிறதா என்பதற்கும் சான்று இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளும் சிரிக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ வீரர்களின் படங்களை டேவிட் மட்சுமோட்டோ குழுவினர் ஒப்பிட்டபோது, வென்ற நொடியிலும் தோற்ற நொடியிலும் பார்வையுள்ளவர், பிறவியிலேயே பார்வையற்றவர் ஆகிய இரு தரப்பின் முகமும் ஒரே தசைகளைத்தான் அசைத்திருந்தன. இறுதிப்போட்டியில் தோற்று வெள்ளி வாங்கியவர்கள் மேடையில் காட்டிய ஒப்புக்குச் சிரிப்புகூட இரு தரப்பிலும் இருந்தது.

சிரிப்புச் சீட்டு

தமிழில் சிரிப்புக்கு இருக்கும் பெயர்களைச் சீட்டுகளில் எழுதுங்கள்: புன்முறுவல், நமட்டுச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, விஷமச் சிரிப்பு, ஏளனச் சிரிப்பு, ஒப்புக்குச் சிரிப்பு, இளிப்பு, வெடிச்சிரிப்பு. ஒருவர் சீட்டு எடுத்து நடிக்க, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் எந்தத் தசை வேலை செய்தது என்றும் சொன்னால்தான் புள்ளி.

நமட்டுச் சிரிப்பில் நின்று பாருங்கள், அது ஒரு மல்யுத்தம். இழுப்புத் தசை வாயோரத்தை மேலே இழுக்கிறது. உதட்டைச் சுற்றிய வளையத் தசை விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடிக்கிறது. கன்னத்தில் விரல் வைத்தால் இரண்டும் நடுங்குவது தெரியும். அசட்டுச் சிரிப்பில் வாயைவிட மற்றதுதான் அடையாளம்: கண் தாழும், தலை ஒரு பக்கம் திரும்பும், கை முகத்துக்குப் போகும். வெடிச்சிரிப்பில் முகம் மட்டுமல்ல, மூச்சும் வேலை செய்கிறது. வெளிமூச்சு “ஹ ஹ ஹ” என்று துண்டு துண்டாக, வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து வீதம் வெட்டுப்படும். மூச்சை உள்ளே இழுத்தபடி அப்படிச் சிரிக்கச் சொல்லுங்கள். கழுதை கத்துவதுபோல வரும், அறை முழுக்க உருளும். அதன்பின் ஐந்து நிமிடம் வேறு எதுவும் நடக்காது. திட்டமிடும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

ஐஸ் குச்சிச் சோதனை, அதை நம்பலாமா

“சிரித்தால் சந்தோஷம் தானாக வரும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1988-இல் ஜெர்மன் உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பேனாவை உதடு படாமல் பல்லால் கடித்தால் முகம் சிரிப்பதுபோல ஆகும். உதட்டால் மட்டும் பிடித்தால் சிரிக்க முடியாது. பல்லால் கடித்தவர்களுக்குக் கேலிச் சித்திரங்கள் சற்றே அதிகம் வேடிக்கையாகத் தோன்றின. 2016-இல் 17 ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு வரவில்லை. 2022-இல் 19 நாடுகளில் 3,800-க்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். சிரிக்கும் முகத்தைப் பார்த்து அதேபோல முகத்தை வைத்தவர்களுக்கு மகிழ்ச்சி சிறிதளவு கூடியது. பேனா முறையில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஆக, முகம் மனத்தைக் கொஞ்சம் தொடும், தலைகீழாக மாற்றிவிடாது. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் “சிரி, சரியாயிடும்” என்று சொல்ல இந்த ஆய்வில் ஆதாரம் எதுவும் இல்லை.

ஆனாலும் செய்து பாருங்கள், அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்வதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பென்சில் வேண்டாம், முனை குத்தும். ஐஸ் குச்சியைக் குறுக்காக வைத்து, உட்கார்ந்தபடி மட்டும், ஒரு நிமிடம். ஒருவர் குச்சியை மற்றவர் தொடக் கூடாது. பாதிப் பேர் முதலில் பல்லாலும், மீதிப் பேர் முதலில் உதட்டாலும் பிடிக்கட்டும். எல்லோரும் ஒரே வரிசையில் செய்தால் இரண்டாவது சித்திரத்தைப் பார்ப்பதற்குள் சலித்துப்போகும், அந்தச் சலிப்பைக் குச்சியின் வேலை என்று நினைத்துவிடுவோம். ஒவ்வொரு சித்திரத்துக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண். வேறுபாடு வராவிட்டால் சோதனை தோற்றது என்று அர்த்தமில்லை. வந்த எண்ணை வந்தபடி எழுதச் சொல்லுங்கள்.

கேட்கப்போகும் கேள்விகள்

“சிரிக்க 17 தசை, முறைக்க 43 தசைன்னு படிச்சேனே?” அந்த எண்கள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன, ஆளுக்கு ஆள் மாறுகின்றன. மெல்லிய புன்முறுவலுக்கு ஒரு ஜோடி தசையே போதும். பெரிய சிரிப்புக்குப் பல சேரும்.

“தம்பிப் பாப்பா தூங்கும்போது சிரிக்குது, நரி விரட்டுதுன்னு பாட்டி சொல்றாங்க.” பிறந்த நாளிலிருந்தே தூக்கத்தில் இப்படிச் சிரிப்பு மின்னிப் போகும். கனவோ நரியோ இல்லை, நரம்புகள் தானே தூண்டப்படுவதுதான். முகம் பார்த்துச் சிரிப்பது ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இது பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு.

“கோயில் குரங்கு பல்லைக் காட்டிச் சிரிச்சுதே?” அது சிரிப்பில்லை. வாயோரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டினால் பெரும்பாலும் பயந்திருக்கிறது, “என்னை விட்டுடு” என்று சொல்கிறது. வாயைத் திறந்து முறைத்துப் பார்த்தால் மிரட்டுகிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே: பதிலுக்குப் பல்லைக் காட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், மெதுவாக விலகுவது. குரங்குகளின் இந்தப் பணிவுக் காட்டலிலிருந்துதான் மனிதப் புன்னகை வந்திருக்கும் என்று டச்சு ஆய்வாளர் வான் ஹூஃப் 1972-இல் எழுதினார். வாய்விட்டுச் சிரிப்பதை அவர் வேறொன்றோடு சேர்த்தார்: குரங்குக் குட்டிகள் விளையாடும்போது வாயைத் தளர்த்தித் திறந்து காட்டும் முகத்தோடு.

டீச்சர் திட்டும்போது வந்த சிரிப்புக்கும் இங்கேதான் பதில். கண் தாழ்ந்து, உதடு இறுகி வரும் அந்தச் சிரிப்பு திமிர் இல்லை. “தப்புதான், இதோட விட்டுடுங்க” என்று முகம் சொல்லும் வேண்டுகோள். திட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் இரண்டாவது திட்டு விழாது.

“என்னை நானே கிச்சுக்கிச்சு மூட்டினா ஏன் சிரிப்பு வரலை?” உள்ளங்காலில் ஒரு கோழி இறகால் தானே வருடிப் பார்க்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி நண்பர் வருடட்டும். நம் கை எங்கே, எப்போது படும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிடுவதால் அந்தத் தொடுதலின் கூர்மை மழுங்கிவிடுகிறது. நண்பரின் இறகு எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது.